டக்ளஸின் விடுதலைக்குக் கொடுத்த விலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடிமை ஒழிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தோடு நின்றுவிட்டது. சீர்திருத்தவாதிகளுக்கிடையே கடுமையான சச்சரவுகள் மூண்டது அதன் பிறகுதான். 1840இல் லண்டனில் கூடிய உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டுக்குக் கடல் கடந்து வந்த அமெரிக்கப் பெண் பிரதிநிதிகளுக்கு அவையில் இடம் மறுக்கப்பட்டது. அதைக் கண்டித்து அமெரிக்க அடிமை எதிர்ப்புத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் பார்வையாளர் மாடத்தில் போய் அமர்ந்தார்.

என்னை மிகவும் உலுக்குவது ஃபிரடெரிக் டக்ளஸின் கதை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய அவர் பிரிட்டனில் ஊர் ஊராகப் பேசிவந்தார். தாய்நாடு திரும்பினால் பிடிபடும் ஆபத்து இருந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் முன்னின்று நிதி திரட்ட, 1846இல் சுமார் 150 பவுண்டு கொடுத்து அவரது விடுதலை வாங்கப்பட்டது. உடனே சக போராளிகளே கொதித்தார்கள். பணம் கொடுப்பது, மனிதனை உடைமையாக ஒப்புக்கொள்வதாகும் என்றார் அமெரிக்க அடிமை எதிர்ப்பாளர் ஹென்றி ரைட். இது எசமானுக்கு இழப்பீடு அல்ல, அவன் பிடியிலிருந்து மீட்பு என்று டக்ளஸ் பதில் எழுதினார். நான் டக்ளஸ் பக்கம். சங்கிலி யார் கழுத்தில் கிடந்ததோ, அவர் சொல்லுக்கே எடை அதிகம். (1833 சட்டத்தில் பிரிட்டிஷ் அரசே அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியிருந்தது, அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை.)

பின்னர் பிரிட்டிஷ் நண்பர்களின் உதவியோடு 1847இல் டக்ளஸ் சொந்தப் பத்திரிகை தொடங்கியதைக் கேரிசன் விரும்பவில்லை. சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். இந்தப் பகுதியையும் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், மதுரை