பூட்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை தராசில் வையுங்கள்

டெல்டா மாவட்டங்களில் வேளாண்மைத் துறையிலும் பொது சுகாதாரத் துறையிலும் இருக்கும் அதிகாரிகளுக்கு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு, வயல் ஆட்களுக்கு நல்லது செய்ய நினைத்துக் காலணி வாங்கித் தருகிறவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒன்பது மா நிலத்தில், ஏறக்குறைய மூன்று ஏக்கர், குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிறவள் நான். நடவுக்கு ஆள் குறைந்தால் நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவேன், அதனால் கீழே சேற்று பூட்ஸ் பற்றி எழுதியிருப்பதெல்லாம் என் காலில் போட்டுப் பார்த்து எழுதியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புரட்டாசியில் எங்கள் ஊருக்கு ஒரு அமைப்பு கம்பூட்ஸ், அதாவது கெண்டைக்கால் வரை வரும் தண்ணீர் புகாத பூட்ஸ், கொடுத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நாற்பது ஜோடி, எல்லாம் கறுப்பு பி.வி.சி., எல்லாம் எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும். வாங்கிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அவர்களுக்கு நாலு, அஞ்சு நம்பர் கால். முதல் நாள் ஆசையாகப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் கால் மட்டும் மேலே வந்தது, பூட்ஸ் சேற்றிலேயே நின்றது. குனிந்து இரண்டு கையாலும் பிடுங்கி, உள்ளே போன சேற்றைக் கொட்டி, வரப்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் ஒருத்தரும் கொண்டுவரவில்லை. இப்போது பாதி வீட்டில் அது மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் தொங்குகிறது. அப்புறம் ஒரு கூட்டத்தில் "கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லை, விழிப்புணர்வு பத்தாது" என்று பேசினார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே வருஷம் மார்கழியில், விடியற்காலை நாலரை மணிக்கு, மழைத் தண்ணீரை வடிய விடப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. வலது புறங்காலில், சுண்டுவிரலுக்கு மேலே நாலு விரக்கடை தள்ளி. அவருக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள், அவருக்கு அளவும் சரியாகவே இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் சொன்னார்: "ஈர வரப்புல அதப் போட்டுக்கிட்டு நடந்தா கால் கனக்குதும்மா, வழுக்கவும் செய்யுது." ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்து நர்ஸ் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது, உறையவில்லை. விரியன் விஷம் அப்படித்தான், ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டுச் சிறுநீரகத்துக்குப் போகும். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், அதற்கு மேல் மூன்று வாரம் டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். மடை திறக்க இப்போது அவர் போவதில்லை.

நீங்கள் அறியாததைச் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2030க்குள் சாவைப் பாதியாக்குவதற்கு மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். மருந்து, ஆம்புலன்ஸ், பயிற்சி எல்லாம் பேசுகிறோம், சரி. கடிபடுவது பெரும்பாலும் பாதமும் கணுக்காலும். அங்கே என்ன போட்டிருக்கிறோம் என்பதைப் பற்றி மட்டும் "கம்பூட்ஸ் அணியவும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம்.

எந்த கம்பூட்ஸ்? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவன் என் அக்கா மகன். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் வேலை. போன தையில் வந்தவன், இங்கிருந்து காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய்ப் பனியில் சறுக்கப் போகிறேன் என்று இரண்டு ஜோடி ஸ்கீ பூட்ஸைப் பையில் கொண்டுவந்திருந்தான், பழசு ஒன்று, புதுசு ஒன்று. ஸ்கீ டூரிங் என்கிறான். ரோப் காரில் ஏறாமல், ஸ்கீ என்கிற, காலில் மாட்டும் நீளப் பலகையின் அடியில் ரோமம் வைத்த பட்டையை ஒட்டிக்கொண்டு தானே மலை ஏறி, உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கிக் கீழே வருவது. ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் போக விடாது. ஆயிரம் மீட்டர் ஏற மூன்று மணி நேரம் ஆகுமாம். அந்த மூன்று மணி நேரமும் ஒவ்வொரு எட்டுக்கும் பூட்ஸையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

பக்கத்து மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்துக் காட்டினான். பழசு ஒரு கால் 1 கிலோ 640 கிராம். புதுசு 1 கிலோ 70 கிராம். "அத்தனை வித்தியாசமாடா தெரியும்?" என்றேன். முதுகில் ஏறும் கனத்தைவிடக் காலில் ஏறும் கனம் பல மடங்கு களைப்பைக் கொடுக்கும் சித்தி, அங்கே எல்லாரும் கிராம் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்றான். 1980களில் ஃபிரிட்ஸ் பார்த்தெல் என்ற ஆஸ்திரியர், கனமான சாமான்களோடு மலையேறி அலுத்துப்போய், பூட்ஸை ஸ்கீயோடு சேர்க்க, அதன் மூக்கில் இரண்டு பக்கமும் சின்ன ஊசி கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடிப்பை உண்டாக்கினாராம். இன்றைக்கும் மலையேறுகிற ஸ்கீக்காரர்கள் பெரும்பாலும் அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். போட்டிக்காரர்களின் பூட்ஸ் ஒரு கால் அரைக் கிலோவை ஒட்டி வந்துவிடுகிறது. ஆனால் அவன் அதை வாங்கவில்லை. அத்தனை லேசாக இருந்தால் ஏற சுகம், இறங்கும்போது வளைந்து கொடுத்துவிடும், ஸ்கீ கால் சொன்னபடி கேட்காது. அதனால் நடுவில் ஒன்று. ஏறும்போது பின்னால் ஒரு நெம்புகோலைத் தட்டினால் கணுக்கால் மடங்குகிறது, இறங்கும்போது தட்டினால் இறுகிவிடுகிறது.

அளவும் நம் ஏழு, எட்டு மாதிரி இல்லை. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து 23.5, 26.5 என்றே போடுகிறார்கள். விரல் பக்கத்து அகலம் 98 மில்லிமீட்டரா 102 மில்லிமீட்டரா என்று அதையும் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் மெத்தையைத் தனியாகக் கழற்றி ராத்திரி அடுப்புப் பக்கம் காயவைக்கலாம். இன்னொன்று சொன்னான், அதை நான் மறக்கவே மாட்டேன். அந்த லேசான பிளாஸ்டிக்கில் பெபாக்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு வகையை ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்கிறார்கள். உலகத்தில் ஆமணக்கு அதிகம் விளைவது நம் நாட்டில், குஜராத்தில். நம் வாய்க்கால் கரையில் தானாக முளைத்துக் கிடக்கிற அதே ஆமணக்கு, எங்கேயோ ஒருத்தர் விருப்பத்துக்காக மலை ஏறும்போது அவர் காலுக்கு இதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றாகப் போடட்டும். அதே அக்கறையில் கொஞ்சம், நாள் முழுக்கச் சேற்றில் கால் பிடுங்கி நடக்கிறவளுக்கும் வேண்டும் என்கிறேன்.

அவன் போன பிறகு என் சொந்தக் காசில் மூன்று ஜோடி வாங்கினேன், நாலாவது அவன் சிநேகிதன் மூலமாக ஜப்பானிலிருந்து வந்தது. எரவாணத்தில் கிடந்த பி.வி.சி.யையும் இறக்கினேன். பி.வி.சி. ஒரு ஜோடி 1 கிலோ 780. பி.யு. என்கிற பாலியூரித்தேன் 1 கிலோ 310, போட்டால் மெத்தென்று இருக்கிறது, விலைதான் நாலு மடங்கு. ஈ.வி.ஏ., அதாவது ஹவாய் செருப்பு மாதிரி நுரைப் பொருள், 720 கிராம். தஞ்சாவூரில் வாங்கிய சாதா ரப்பர் 1 கிலோ 640. ஜப்பான்காரர்கள் நடவுக்கென்றே செய்யும் மெல்லிய ரப்பர் பூட்ஸ் 810 கிராம்.

வைகாசிக் கடைசியில் நாற்றங்கால் உழுது சேறடித்திருந்தபோது ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போய்வந்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை கால் இறங்குகிற சேறு. கரையேறிய கையோடு கழுவாமல் மறுபடியும் தராசு. நம் களிமண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும், விடாது. அடியில் ஆழமான வெட்டு வைத்த பி.வி.சி. ஜோடி 2 கிலோ 900 காட்டியது, ஒரு கிலோவுக்கு மேல் சேற்றைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. கடையில் கையால் தூக்கிப் பார்த்து "லேசாத்தானே இருக்கு" என்று வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பான் பூட்ஸ் 1 கிலோ 50. அடி ஏறக்குறைய வழவழ என்று இருக்கிறது, கணுக்காலில் ஒரு வார் வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள், கெண்டைக்காலோடு ஒட்டி நிற்கிறது. சேறு பூட்ஸைப் பிடித்து இழுப்பது அடியில் காற்றுப் போக வழியில்லாமல் உறிஞ்சிக்கொள்வதால்தான். கால் உள்ளே ஆடிக்கொண்டிருந்தால் கால் மட்டும் கழன்று வரும், வாரோடு கட்டியிருந்தால் குதிகாலைத் தூக்கியதும் பூட்ஸும் கூடவே வருகிறது. அப்புறம் நடவின்போதும் அதை ஒரு மணி நேரம் போட்டிருந்தேன், ஒரு தடவைகூடக் கழலவில்லை. கூட நட்ட பெரியம்மா ஒருத்தர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது காலு மாதிரியே இருக்கு" என்றார்.

ஆனால் அந்த மெல்லிய ரப்பரை மட்டும் நம்பி ராத்திரியில் வரப்பில் யாரையும் நான் போகச் சொல்ல மாட்டேன். பெரிய விரியனின் பல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். வரப்புக்குக் கெட்டியானது வேண்டும், கெண்டைக்கால் வரை உயரம் வேண்டும், கால் சட்டையும் பூட்ஸுக்கு மேலே தொளதொளவென்று விழ வேண்டும். ஈ.வி.ஏ. லேசு, குழந்தைகூடப் போட்டு நடக்கும், ஆனால் அறுத்த வயலில் தாள் குத்தி ஒரு வாரத்தில் கீறல் விழுந்துவிட்டது, கருவேல முள்ளும் ஏறிவிட்டது. வரப்புக்கு என்னைக் கேட்டால் பி.யு.தான். சித்தப்பா இப்போது வீட்டைச் சுற்றி நடக்கவும் அதைத்தான் போடுகிறார். ஆக ஒரே பூட்ஸ் இரண்டு வேலைக்கும் ஆகாது. ஏறவும் இறங்கவும் ஒன்றையே வைத்துக்கொள்ள அந்த ஸ்கீக்காரர்கள் நெம்புகோல் வைத்துப் படாத பாடு படுகிறார்கள், நமக்கு அத்தனை வேண்டாம், நடவுக்கு ஒன்று, வரப்புக்கு ஒன்று என்று பிரித்து வாங்கினால் போதும்.

சேற்றுப்புண்ணையும் சொல்ல வேண்டும். விரல் இடுக்கில் வெந்து வெள்ளையாகிக் கிடக்கும் காலில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த மாதிரிப் புண் வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகும். பூட்ஸ் போட்டால் இது குறையும் என்கிறோம், ஆனால் உள்ளே வியர்த்து ஈரமாகவே இருந்தால் புண் கூடத்தான் செய்யும். உள் மெத்தை கழற்றிக் காயவைக்கிற மாதிரி இருக்க வேண்டும், மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி மெத்தையும் கூடவே கொடுக்க வேண்டும், இது பெரிய செலவே இல்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை டெண்டர் எழுதும்போது விலைக்குப் பக்கத்தில் எடையையும் எழுதுங்கள், நடவு பூட்ஸ் ஒரு ஜோடி ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது என்று. பட்டியல் எடுக்கும்போது பெயரோடு பாத நீளத்தையும் சென்டிமீட்டரில் எழுதி வாங்குங்கள், ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டால் முடிந்தது. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடந்த கால் விரல் பக்கம் விரிந்திருக்கும், அந்த அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நூறு ஜோடி வாங்குவதற்கு முன்னால் அஞ்சு ஜோடி வாங்கி நடவு ஆட்கள் அஞ்சு பேரிடம் கொடுத்து ஒரு நாள் முழுக்க நடச் சொல்லுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். அப்புறம், மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் கையில் கொடுங்கள், அறுவடை முடிந்து மேடையில் வைத்துக் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை.

அஞ்சு ஜோடியும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. எந்த அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் போட்டுப் பார்க்கலாம், தராசை மளிகைக் கடையில் இரவல் தருவார்கள். ஜூன் முதல் வாரம் வந்தால் நாற்றங்காலில் சேறும் தயாராக இருக்கும். மாற்றுத் துணி மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருத்தி