ரத்தத்தில் ஒரு ஹார்மோன் குறைந்தாலே நோய் என்று முடிவு கட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், இன்சுலின் நன்றாக வேலை செய்யத் துணைபுரியும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படிப்பட்ட பொருளை யாரும் தொடுவதில்லை என்பதால் முதலில் மகிழ்ச்சிதான். ஆனால் அது முடிந்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிழக்காசியர்களின் மரபணு இந்த ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது, அதனால்தான் ஒல்லியாக இருந்தும் அவர்களுக்கு நீரிழிவு வருகிறது, ஆசியர்களான நமக்கும் அதே கதிதான் என்கிறது கட்டுரை. அதைப் படித்துவிட்டு என் சித்தப்பா, "வந்தே தீரும் என்றால் நான் எதற்குத் தினமும் நடக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஹார்மோன்களை அளக்கும் வேலையில் இருப்பவள் நான். பல ஹார்மோன்களை நானோகிராம், பிகோகிராம் அளவில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அடிபோனெக்டினோ ஒரு மில்லிலிட்டரில் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிந்த நீரை நன்றாக நீர்க்கச் செய்த பிறகுதான், நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் 96 குழித் தட்டில் இடுவோம். இல்லாவிட்டால் குழிகள் எல்லாம் ஒரே அடர் மஞ்சளாகிவிடும், கருவியால் ஒன்றையும் பிரித்தறிய முடியாது. இவ்வளவு தாராளமாக ரத்தத்தில் ஓடும் இந்த ஹார்மோனுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கொழுப்புத் திசுதான் இதைச் சுரக்கிறது. ஆனால் உடலில் கொழுப்பு கூடக் கூட இது குறைகிறது. அதே திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற இன்னொரு ஹார்மோனோ கூடுகிறது. பருமனானவர்களிடம் அடிபோனெக்டின் குறைவதை ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள்.

மரபணு விஷயத்திற்கு வருகிறேன். கட்டுரை எல்லாவற்றையும் ஒரே மரபணு என்பதுபோல் எழுதிவிட்டது. குறைந்தது இரண்டு கதைகள் இங்கே இருக்கின்றன. முதலாவது, மூன்றாம் குரோமோசோமில் உள்ள அடிபோனெக்டின் மரபணு. இதில் 164ஆவது அமினோ அமிலத்தை மாற்றிவிடும் ஓர் அரிய பிழையை ஜப்பானியர்களிடம் 2002இல் கண்டார்கள். அதைச் சுமந்தவர்களின் ரத்தத்தில் ஹார்மோன் மிகக் குறைவு. நீரிழிவு, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, ரத்த நாளத் தடிப்பு என ஏதாவது ஒரு தொல்லை அவர்கள் எல்லோரிடமும் இருந்தது. கட்டுரையின் வாதம் இங்கே பொருந்தும். உற்பத்தியே பழுதானால் உடல் தவிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கதை வேறு. 2010இல் கொரியர்களிடமும், பிலிப்பீன்ஸின் செபுவில் வாழும் பெண்களிடமும் அடிபோனெக்டின் அளவை மாற்றும் மரபணு எது என்று மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்தார்கள். 2011இல் தைவான் ஆய்வாளர்களும் பார்த்தார்கள். எல்லோருடைய விரலும் 16ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஎச்13 என்ற மரபணுவை நோக்கி நீண்டது. ஐரோப்பியர்களிடம் முதலிடத்தில் நிற்பது அடிபோனெக்டின் மரபணு. கிழக்காசியர்களிடமோ இந்த சிடிஎச்13தான் ஓங்கி நிற்கிறது. இது அடிபோனெக்டினை உற்பத்தி செய்யும் மரபணுவே அல்ல. ரத்த நாளச் சுவரிலும் இதயத்திலும் தசையிலும் நின்று, ஓடிவரும் அடிபோனெக்டினைப் பிடித்துக்கொள்ளும் டி-கேட்ஹெரின் என்ற புரதத்திற்கான மரபணு. அந்தப் புரதம் இல்லாத எலிகளின் ரத்தத்தில் அடிபோனெக்டின் குவிந்து கிடக்கிறது, திசுவில் போய் ஒட்டுவதில்லை.

கடையில் அரிசி மூட்டைகள் குறைந்தால் ஆலை நின்றுபோனது என்றுதான் பொருளா? ஊரார் வாங்கி வீட்டில் வைத்திருக்கவும் கூடும் அல்லவா? அதுபோல, ரத்தத்தில் குறைவாகக் காணும் ஹார்மோன் திசுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். 2013இல் கிழக்காசியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. சிடிஎச்13 மாற்றத்தால் அடிபோனெக்டின் குறைந்தவர்களின் உடல், இருக்கும் ஹார்மோனுக்கு மேலும் நன்றாகச் செவிசாய்க்கிறது என்பது அதன் முடிவு. அளவு குறைந்ததற்கு ஏற்ப உடல்நிலை கெட்டுவிடவில்லை. கட்டுரையாளர் இதை எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை. எண் குறைவு, எனவே நோய் உறுதி என்ற கணக்கு கிழக்காசியர்களிடமே உடைந்துபோகிறது.

அடுத்து, "ஆசியர்கள்" என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை. இங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரை ஒரே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு அடிபோனெக்டின் குறைவு, இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத இன்சுலின் எதிர்ப்பு அதிகம். சென்னையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்விலும் 2005இல் குறைந்த அடிபோனெக்டினுக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆகவே நம்மவர்கள் கவலைப்பட வேண்டியது உண்மைதான். அந்தக் கவலைக்கு நம்மிடையே நடந்த ஆய்வுகளைச் சான்று காட்டுங்கள், கொரியரின் மரபணுவைக் காட்டி நம்மை அச்சுறுத்த வேண்டாம். ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 23 ஆகும்போதே எச்சரிக்கை தேவை என்று உலகச் சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் சொன்னதையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம். வாசகர் அதை வைத்து உடனே ஏதாவது செய்ய முடியும்.

நீரிழிவைக் கண்டறிய அடிபோனெக்டின் அளவோ மரபணுச் சோதனையோ வழக்கமான முறையல்ல. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையும்தான் மருத்துவர்கள் கேட்பவை. எடை நன்றாகக் குறையும்போது அடிபோனெக்டின் ஏறுகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. நீரிழிவு மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்டு, வரும் ஞாயிறு இணைப்பிலேயே ஒரு விளக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்