தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்கு முன்

ஆசிரியருக்கு,

உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின் ஓடும் படகில் வெப்ப முள் திடீரென ஏறுகிறது, சற்று நேரத்தில் தானாக இறங்குகிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியம், சூட்டுக்கேற்பக் கூலன்ட்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்துக்கு) வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தயவுசெய்து செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் எனும் குறுக்குவழியை மூடுவதும் அதுதான். அது இல்லாவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு கடல்நீரால் கூலன்ட்டை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் குறுக்கே சுற்றும். சூடு கூடத்தான் செய்யும்.

விட்டுவிட்டு வரும் கோளாறு, கரையோரம் கட்டி ஓட்டிப் பார்த்தால் வராது. ஆகவே ஸ்பானரைத் தொடுமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) ஏறியது, கிளம்பி எத்தனை நிமிடத்தில் ஏறியது, அப்போது புகைக்குழாய் வழியே வெளியேறும் கடல்நீர் எவ்வளவு வந்தது. தண்ணீர் குறைந்து, சத்தம் வறண்டு, ஆவி பறந்தால் கடல்நீர்ப் பக்கம் கோளாறு. தண்ணீர் வழக்கம்போல் கொட்டியும் முள் ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் கூலன்ட் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முள்ளே பொய் சொல்லவும் கூடும்.

கடல்நீர்ப் பக்கத்தில்தான் கண்ணாமூச்சி அதிகம். உறிஞ்சுவாயில் ஒட்டும் பிளாஸ்டிக் பை, வேகம் கூடினால் இழுபட்டு மூடிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் விழுந்துவிடும். முழுகிப் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. உறிஞ்சு ஹோஸும் அப்படித்தான். வெளியே புதிதுபோல் இருக்கும், உள்ளடுக்கு உரிந்து வேகத்தில் மட்டும் நாக்குபோல் மடிந்து வழியை அடைக்கும். கழற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் தெரியாது. வடிகட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, மூடியின் ஓ-ரிங் காய்ந்திருந்தால் தண்ணீர் கசியாது, காற்றை இழுக்கும். கண்ணாடி மூடிக்குள் குமிழி ஓடுகிறதா பாருங்கள்.

கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரில் இறகு முறிந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். ரப்பர் நடுவிலுள்ள பித்தளைக் குடத்தை விட்டுப்போனால்தான் தொல்லை. இறகெல்லாம் முழுசாக இருக்கும்; குளிரில் பிடிக்கும், சூடானதும் வழுக்கும். குடத்தை அசையாமல் பிடித்து ரப்பரைத் திருகினால் குட்டு வெளிப்படும். முறிந்த இறகுகளை எண்ணுங்கள். ஆறில் இரண்டு காணோம் என்றால் அவை ஆயில் கூலர் வாயிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ உட்கார்ந்திருக்கும். எடுக்கும்வரை வேலை முடியவில்லை. உலோகம் அரிக்காமலிருக்க வைக்கும் துத்தநாகக் குச்சி உடைந்தால் அதுவும் அங்கேதான் சிக்கும். புது இம்பெல்லரைக் கிளிசரின் அல்லது சோப்புநீர் தடவிப் பொருத்துங்கள், பெட்ரோலியக் கிரீஸ் நியோப்ரீன் ரப்பரை உப்ப வைக்கும். பம்பு மூடித் தகட்டின் உட்பக்கம் நகம் சிக்குமளவு பள்ளம் இருந்தால் புது இம்பெல்லரும் அரை வேலைதான் செய்யும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வாளி போதும். கடல்நீர் படகுக்குள் நுழையும் இடத்திலுள்ள கடல் வால்வை மூடி, உறிஞ்சு ஹோஸைக் கழற்றி, 20 லிட்டர் வாளித் தண்ணீரில் விட்டு, 1000 ஆர்பிஎம்மில் எத்தனை நொடியில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். காலியாகுமுன் எஞ்சினை நிறுத்த வேண்டும், வறண்டு ஓடினால் இம்பெல்லர் கருகும். அந்த அளவைக் கையேட்டிலுள்ள பம்பு அளவோடு ஒப்பிடுங்கள். வாளியிலிருந்து நன்றாக இழுத்தால் அடைப்பு வால்விலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அப்போதும் இழுவை குறைந்தால் ஹோஸ், பம்பு, அதன் பிறகு புகைக்குழாய் முழங்கையில் இறுகிய கரியும் உப்பும் என்று வரிசையாகப் போகலாம்.

கூலன்ட் பக்கத்தை ஆறிய எஞ்சினில் மட்டும் திறக்கவும். ஸ்பிரிங் தளர்ந்த கூலன்ட் மூடி அழுத்தத்தைப் பிடிக்காது; 1 பிஎஸ்ஐ குறைந்தால் கொதிநிலை சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் தொங்கவிட்டு, அதில் பொறித்த வெப்பநிலையையொட்டித் திறக்கிறதா, ஆறும்போது சிக்காமல் மூடுகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கூலன்ட் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட்டைச் (சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டியதுதான்.

முள் ஒரே நொடியில் உச்சிக்குத் தாவினால் அது வயர் அல்லது எர்த் கோளாறு. தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. அகச்சிவப்பு வெப்பமானியால் தெர்மோஸ்டாட் கூட்டைச் சோதிக்கலாம். பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும் என்பதால் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்கவும்.

இந்தச் சோதனைகளுக்கிடையே எஞ்சின் கிளம்பாமல் பலமுறை ஸ்டார்ட்டரை அழுத்த நேர்ந்தால் கடல் வால்வை மூடிவிடுங்கள். இல்லையேல் சைலன்சர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். கிளம்பிய கணமே வால்வைத் திறக்கவும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்