கார் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து: ஜார்ஜ் யான்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பேராசிரியர் ஜார்ஜ் யான்சி அவர்களுக்கு,

வணக்கம். நான் தத்துவம் படித்தவன் இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழன். இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுத வருகிறது. என்றாவது யாராவது உங்களுக்கு வாசித்துச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் இனம் பற்றி எழுதிவரும் கறுப்பினத் தத்துவப் பேராசிரியர் நீங்கள். உங்கள் எழுத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சின்னச் சத்தம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கா வந்த புதிது. அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், ஒரு சனிக்கிழமை பிலடெல்பியாவைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். நகரத்தின் வடக்குப் பகுதியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. நடைபாதை ஓரமாக ஒரு கறுப்பினப் பையன் நின்றிருந்தான். பதினைந்து வயது இருக்கும், முதுகில் பள்ளிக்கூடப் பை. "கதவை லாக் பண்ணிக்கோ தம்பி" என்றார் அவர். நான் அழுத்தினேன். க்ளிக். பையன் திரும்பி என்னைப் பார்த்தான். விளக்கு பச்சையானது, கிளம்பிவிட்டோம். அன்று மதியம் எங்கே சாப்பிட்டோம் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அந்தப் பையனைச் சுத்தமாக மறந்துபோனேன்.

சில வருடங்கள் கழித்து, 2013 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ட்ரெய்வான் மார்ட்டின் என்ற ஆயுதமில்லாத கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்றவர் விடுதலையான பிறகு எழுதியது. அந்த ஜூலையில் அதிபர் ஒபாமாவே சொல்லியிருந்தார், தெருவைக் கடக்கும்போது கார்களின் கதவுகள் பூட்டப்படும் சத்தத்தைத் தானும் கேட்டிருப்பதாக. அதே சத்தத்தைப் பற்றி நீங்களும் எழுதியிருந்தீர்கள். நடந்து போகிறீர்கள், நிற்கும் வண்டிகளிலிருந்து க்ளிக், க்ளிக், க்ளிக். படித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். நீங்கள் வெளியே நின்று கேட்ட சத்தத்தை நான் உள்ளே உட்கார்ந்து எழுப்பியிருக்கிறேன். அதுவும் நீங்கள் வளர்ந்த வடக்குப் பிலடெல்பியாவிலேயே.

அந்தக் கட்டுரையில் வரும் தொலைநோக்கியை என்னால் மறக்கவே முடியவில்லை. வானத்தைப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை நீங்கள். அம்மா வாங்கிக் கொடுத்த தொலைநோக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போகிறீர்கள். ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் அதை ஆயுதம் என்று நினைத்து, உன்னைச் சுட்டுத் தள்ளியிருப்பேன் என்று உங்களிடமே சொல்கிறார். நிலாவைப் பார்க்க வைத்திருந்த குழாய் அவர் கண்ணுக்குத் துப்பாக்கி. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவன் பிறந்தநாளுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கித் தந்தோம். பால்கனியில் அதை நிறுத்திவைத்த இரவு, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்பதற்காக நன்றி சொல்ல வேண்டிய நிலை எந்தத் தாய்க்கு வர வேண்டும்?

சரி, 2015 டிசம்பருக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 24ஆம் தேதி, அமெரிக்க வெள்ளையர்களை நோக்கி நீங்கள் எழுதிய கடிதம் அதே நாளிதழில் வந்தது. அதற்கு முன் அங்கே 'தி ஸ்டோன்' என்ற தத்துவப் பகுதிக்காக இனம் பற்றி 19 பேட்டிகள் எடுத்திருந்தீர்கள். ஜூடித் பட்லர், நோம் சாம்ஸ்கி, அந்த டிசம்பரிலேயே பெல் ஹூக்ஸ் என்று எத்தனையோ சிந்தனையாளர்கள். அத்தனை பேரிடமும் கேட்டு முடித்த பிறகு, வாசகர்களிடம் நேராகப் பேச வந்தீர்கள். அந்தக் கடிதம் ஒரு பரிசு என்று சொன்னீர்கள். சில பரிசுகள் சுமக்கக் கனமானவை என்றும் சேர்த்தே சொன்னீர்கள்.

படிக்கிறவர்களிடம் 'உங்களுக்குள் இருக்கும் இனவெறியைப் பாருங்கள்' என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் வேறொன்றைச் செய்தீர்கள். 'நான் ஆணாதிக்கம் உள்ளவன்' என்று எழுதினீர்கள். பெண்கள் மேல் வெறுப்பு இருக்கிறது என்ற அர்த்தத்தில் இல்லை. எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் அன்றாடம் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்று. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன், பெண்ணியத் தத்துவமெல்லாம் ஒரு தத்துவமா என்று கேட்கும் சக ஆண் பேராசிரியர்களிடம் உரக்க மறுத்துப் பேசத் தவறியிருக்கிறேன் என்று.

இதை எழுதியவர் யார் என்று பார்க்கிறேன். அமெரிக்காவில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஜாய்ஸ் மிட்செல் குக், 1965இல், யேல் பல்கலைக்கழகத்தில். 1998இல் நீங்கள் கொண்டுவந்த கறுப்பினத் தத்துவவாதிகளின் உரையாடல் நூலில் அவரைத் தேடிப் போய்ப் பேசவைத்திருக்கிறீர்கள். அந்தத் துறையில் கறுப்பினத்தவர்களே நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதிலும் பெண்களை விரல்விட்டு எண்ணலாம் என்றிருந்த காலம். அப்போதே பெண்களின் குரலைப் பதிவு செய்தவர், பதினேழு வருடம் கழித்து 'நான் போதுமான அளவு செய்யவில்லை' என்று ஒப்புக்கொள்கிறார். தமிழில் கேள்வி கேட்பதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் ஒரே வினைச்சொல்தான், பேராசிரியரே. நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே செய்துவந்திருக்கிறீர்கள் என்று அந்த நூலையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

உங்கள் குறையை முதலில் எடுத்து வைத்ததால்தான் என்னால் அந்தப் பக்கத்தை மூட முடியவில்லை. நேரடியாக 'நீ இனவெறியன்' என்று ஆரம்பித்திருந்தால், இது வெள்ளைக்காரர்களுக்கு எழுதியது, எனக்கு என்ன என்று போயிருப்பேன். எனக்குக் கறுப்பின நண்பர் இருக்கிறார், அலுவலகத்தில் எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறேன் என்றெல்லாம் சமாதானம் தயாராக இருந்தது. இப்படிப்பட்ட சமாதானங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆனால் ஆணாதிக்கம் பற்றிய பத்தியில் எனக்குத் தப்பிக்க வழியே இல்லை. நானும் ஆண். அந்தக் கதவு வழியாக உள்ளே வந்த பிறகுதான் கார்க் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பையனும் நானும் கிட்டத்தட்ட ஒரே நிறம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் என்னைக் 'கறுப்பா' என்று கூப்பிட்டுத்தான் வளர்த்தார்கள். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது சொன்னது, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா". பாராட்டாகத்தான் சொன்னார்கள். அந்த 'இருந்தாலும்' எவ்வளவு பெரிய சொல் என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை, அக்காவைத் தவிர. அப்படி வளர்ந்த நான்தான் விமானம் ஏறி வந்து, இன்னொரு கறுப்புப் பிள்ளையைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தினேன். இங்கே இருக்கும் நம்மவர்கள் கறுப்பின மக்களைச் சொல்லத் தங்களுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. எத்தனையோ வீட்டு விருந்துகளில் அந்தச் சொல்லைக் கேட்டும் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

2008இல் வந்த உங்கள் நூலில் ஒரு லிஃப்ட் வருகிறது. நன்றாக உடுத்திக்கொண்டு நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள், அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிகளில் உங்கள் உடம்பு உங்களுடையதாக இல்லாமல் போகிறது என்று எழுதுகிறீர்கள். உடம்பை ஒதுக்கிவிட்டுச் சிந்தனையை மட்டும் பேசுவதுதான் தத்துவம் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு லிஃப்டுக்குள் இவ்வளவு தத்துவம் இருக்கிறது என்பது புதிது. அந்தப் பார்வையை வெள்ளைப் பார்வை என்று அழைக்கிறீர்கள். வெள்ளையர் அல்லாதவர்களின் கண்ணிலும் அது வந்து குடியேறிவிடுகிறது என்பதற்கு நானே சாட்சி.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு உங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் படித்தேன். நூற்றுக்கணக்கான வசைக் கடிதங்கள், மின்னஞ்சல்கள், தொலைபேசியில் கொலை மிரட்டல்கள். நீங்கள் பாடம் நடத்திய எமரி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே போலீஸ் பாதுகாப்பு. அடுத்த வருடம் 'கண்காணிக்க வேண்டிய பேராசிரியர்கள்' என்று ஒரு பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்தார்கள். அன்போடு காது கொடுங்கள் என்று கேட்ட ஒருவருக்கு இதெல்லாம். 2018இல் வந்த நூலில் அந்த வசைகளை மறைக்காமல் அப்படியே அச்சிட்டீர்கள். அந்தப் பக்கங்களை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை. முடியவில்லை.

இவ்வளவு பட்ட பிறகு ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. நீங்கள் அதே 2018 அக்டோபரில் மறுபடியும் எழுத வந்தீர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட பிரெட் கவனா மேல் கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் பாலியல் அத்துமீறல் புகார் சொல்லி, செனட்டில் சாட்சி சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த முறை ஆண்களை நோக்கி. தலைப்பிலேயே உங்கள் ஆணாதிக்கத்தை ஒப்புக்கொண்டீர்கள். அதில் வரும் ஒரு சின்ன வீட்டுச் சம்பவம்தான் எனக்கு அந்தக் கட்டுரை முழுவதையும்விடப் பெரியது. திருமணத்தின்போது மனைவி உங்கள் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறீர்கள். அவர் முடியாது என்றிருக்கிறார். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பெயரை நான் ஏற்றுக்கொண்டால் என்ன என்று அப்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதையும் மறைக்கவில்லை. வீட்டைச் சுத்தம் செய்தால், சமைத்தால், இன்னும் நன்றியை எதிர்பார்க்கிறேன் என்றும் எழுதினீர்கள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிறக்கும்போது அப்பாவுடைய முதல் எழுத்து, கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு மட்டும் அது மாறி கணவனுடையது. என் மனைவிக்கும் மாற்றினேன். 'மாற்றினாள்' என்று எழுத முடியாது, நான்தான் மாற்றினேன். விசாவுக்கு வசதி என்று ஒருவர் சொன்னார், பாஸ்போர்ட் படிவத்தில் அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரை நானே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் அவளுக்குக் காட்டினேன். அவள் அப்பா அப்போது இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய பெயர் அவளோடு இருந்த கடைசி இடம் அதுதான் என்பதை ஆறு வருடம் கழித்து அவள் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் மனைவி மறுத்துச் சொல்ல முடிந்தது. என் மனைவியிடம் நான் கேட்கவே இல்லையே, அவள் எதை மறுப்பது?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உங்களோடு கொஞ்சம் உரசல் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன். ஒப்புக்கொள்வதை நீங்கள் ஒரு தொடக்கமாக வைக்கிறீர்கள். ஆணாதிக்கத்தை எதிர்த்துக்கொண்டே ஆணாதிக்கத்தோடு இருக்கிறவன் என்று உங்களைச் சொல்லிக்கொள்கிறீர்கள், அது முடியாத வேலை என்று தெரிந்தே. ஆனால் நான் பழகும் ஆண்கள் நடுவே ஒப்புக்கொள்வது முற்றுப்புள்ளியாக மாறிவிடுகிறது. "தப்புன்னு ஒத்துக்கிட்டேன்ல, அப்புறம் என்ன?" இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்தே என் மனைவி கேட்டிருக்கிறாள். ஒப்புக்கொண்டதற்கே ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் பார்த்தாளா என்று திரும்பிப் பார்ப்பது போல. இனவெறி பற்றிப் பேசியதற்கு உங்களுக்கு மிரட்டல் வந்தது. ஆணாதிக்கத்தை ஒப்புக்கொள்ளும் என்னைப் போன்ற ஆணுக்கு வருவது பெரும்பாலும் பாராட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதும்போது இந்த வித்தியாசத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வருடம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தது. படிவத்தை அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவள் என்ன எழுதினாள் என்பது அவளுடைய விஷயம், இங்கே சொல்லமாட்டேன். விருந்துகளில் அந்தச் சொல் வந்தால் இப்போது வாயைத் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இல்லை. இரண்டு வீடுகளிலிருந்து அழைப்பு நின்றுபோனது.

படிவத்தை அவளிடம் கொடுத்த அன்று இரவு, உங்கள் 2018 கட்டுரையை என் மனைவிக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பெயர் மாற்ற மாட்டேன் என்று உங்கள் மனைவி சொன்ன இடம் வந்ததும் மடிப்பதை நிறுத்தினாள். நான் முடித்த பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா என்ன வார்த்தை சொல்லி மறுத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

அவளுக்காக உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகன்