தோலுக்கடியில் ஓடும் எலி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. உனக்குச் சிரமம் வேண்டாமென்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

பேத்திக்கு இப்போது தினமும் இருபது ஆங்கில வார்த்தை மனப்பாடம். மறுநாளே பாதி மறந்துவிடுகிறது. பார்க்கவே பாவமாக இருந்தது. சரி, வேரைப் பிடித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பல ஆங்கில வார்த்தைகளுக்கு மூலமான பழைய மொழி லத்தீன். அதில் 'ஸ்பெக்' என்ற வேருக்குப் பார்ப்பது என்று பொருள். உள்ளே நுழைந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட். அடியிலிருந்து பார்ப்பது சஸ்பெக்ட். சொன்னதும் தலையைக் குனிந்து என்னைக் கீழ்க்கண்ணால் பார்த்தாள். அந்த மூன்றும் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை.

தசைக்கான 'மஸில்' அவளுக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் 'மூஸ்குலுஸ்' என்றால் சுண்டெலி. கையை மடக்கிப் பார், தோலுக்கடியில் எலி ஓடுவது போலவே இருக்கும். எனக்குப் பிடித்தது 'ரைவல்'. ஓடைக்கு லத்தீனில் 'ரீவுஸ்'. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் எதிராளிகள் ஆகிவிட்டார்கள். நம் 'பங்காளி'யும் பங்கிலிருந்து வந்த சொல்தானே? அதிலும் பகை வாடை அடிக்கிறதே!

அப்புறம், கடனுக்கான 'டெட்'. நடுவிலிருக்கும் 'பி'யை விட்டுவிட்டு நான் அடி வாங்கியது நினைவிருக்கிறதா? பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' கிடையாதாம். பின்னால் வந்த படிப்பாளிகள், லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருக்கிறதே என்று அதை நுழைத்துவிட்டார்கள். உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. காதுக்கு நேர்மையாக எழுதிய ஒரு குழந்தையை அடித்திருக்கிறார்கள், கோமதி. இன்றும் ஆறவில்லை.

தீவுக்கான 'ஐலண்ட்' கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீனுக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனாலும் தீவுக்கான லத்தீன் சொல்லான 'இன்சுலா'வின் சாயலில் ஓர் 'எஸ்' ஒட்டிக்கொண்டது. அதனால் எல்லாச் சொல்லுக்கும் லத்தீன் வேர் தேடாதே என்றும் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் 'போர்ட்' என்ற வேர், அதாவது சுமப்பது. ட்ரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று அவளே மூன்று பிடித்துவிட்டாள். நாலாவது நீ எழுது. அவள் உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

அன்புடன்,
வசந்தா