சுழற்சி எண்ணோடு பிழை வரம்பையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கருந்துளை பற்றிய செய்திகளில் ‘சுழற்சி 0.98’ என்று ஒற்றை எண் மட்டும் அச்சாகிறது (0 என்றால் சுழலாதது, 1 என்பது உச்ச எல்லை). அது நேரே அளந்த எண் அல்ல. எக்ஸ் கதிர் நிறமாலைக்கு, அதாவது எந்தச் சக்தியில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபுக்கு, ஒரு கணித மாதிரியைப் பொருத்திப் பெற்றது. மலையகத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்காவது அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

கருந்துளையை ஒட்டிய கொதிக்கும் வாயுத் திரளான கொரோனாவிலிருந்து எக்ஸ் கதிர் கிளம்புகிறது. அதில் ஒரு பங்கு, கருந்துளையைச் சுற்றிவரும் வாயுத் தட்டான திரள்வட்டில் பட்டுத் திரும்புகிறது. கண்ணாடியில் படுவது போலல்ல. வட்டிலுள்ள இரும்பு அணு அதை விழுங்கி, 6.4 கிலோ இலத்திரன்வோல்ற்றில் தனக்கே உரிய நிறமாலைக் கோடு ஒன்றை உமிழ்கிறது. இலத்திரன்களில் பெரும்பாலானவற்றை இழந்த இரும்பென்றால் 6.7 அல்லது 6.97. றம்பொடை வளைவில் வரும் லொறியின் ஹோர்ன் நெருங்கும்போது உச்சமாகவும் விலகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? அப்படியே வட்டின் நெருங்கிவரும் பக்கம் இந்தக் கோட்டின் சக்தியை மேலே தள்ள, விலகும் பக்கம் கீழே தள்ளுகிறது. ஈர்ப்பு இன்னும் கீழே இழுத்து நீண்ட வாலாக்குகிறது. வால் நீள நீள, வட்டின் உள்விளிம்பு கருந்துளையை நெருங்குகிறது என்று பொருள்: சுழலாததற்கு ஈர்ப்பு ஆரையின் (கருந்துளையின் நிறையிலிருந்து கணிக்கும் நீள அலகு) 6 மடங்கு, 0.998 சுழற்சிக்கு ஏறத்தாழ 1.24 மடங்கு. 1995இல் ஜப்பானின் ஆஸ்கா செய்மதித் தரவில் இந்த அகன்ற கோடு தெளிவாகத் தெரிந்தது.

சிக்கல் வாலில்தான் இருக்கிறது. இடையிலுள்ள வாயு கதிரை உறிஞ்சினாலும் நிறமாலை அதே போல வளையும். 3 முதல் 10 கிலோ இலத்திரன்வோல்ற் வரை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். 2012இல் ஏவப்பட்ட நுஸ்டார் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி 79 வரை அளப்பதால், வட்டின் இலத்திரன்களில் கதிர் சிதறுவதால் 20–30 அருகே எழும் கொம்ப்டன் மேட்டையும் சேர்த்துப் பொருத்தலாம். தொலைவிலுள்ள வாயு தரும் குறுகிய 6.4 கோட்டுக்குத் மாதிரியில் தனிக் கூறு வைக்காவிட்டால், அகன்ற கோட்டின் வடிவமே பிழைத்துவிடும்.

வட்டின் அடர்த்தி இன்னொரு கண்ணி. பழைய மாதிரிகளின் அட்டவணைகள் கன சென்ரிமீற்றருக்கு 10¹⁵ துகள் என்று நிலையாக வைத்தன. சிறிய கருந்துளைகளின் வட்டில் அது பன்மடங்கு கூடியிருக்கலாம். இரும்பின் அளவு சூரியனில் உள்ளதைப் போல் 5 மடங்கு என்று விடை வந்தால், முதலில் அடர்த்தியைச் சந்தேகியுங்கள்.

கணினியில் சுழற்சி, வட்டின் சாய்வு, இரும்பின் அளவு மூன்றையும் ஒன்றாக மாறவிட்டால், பொருத்தம் மிகச் சிறந்த விடையை எட்டாமல் இடையிலுள்ள ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொள்ளலாம். சுழற்சியை 0, 0.5, 0.9 என மூன்று இடங்களில் தொடங்கிப் பாருங்கள். கை-வர்க்கம் (χ², தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள விலகலின் அளவு) கொண்டு பொருத்துவதானால், ஒவ்வொரு சக்தித் தொகுப்பிலும் பதிவான கதிர்த்துகள்களின் எண்ணிக்கை குறைந்தது 20 வேண்டும்.

நிறமாலையைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளும், வட்டில் பட்டுத் திரும்பும் கதிருக்கான ரெல்க்சில் மாதிரியும், நுஸ்டார் தரவும் இலவசம். நுவரெலியா மூடுபனி இதற்குத் தடையல்ல. இந்தக் கதிர் பீதுருதலாகல உச்சிக்குக்கூட வந்து சேராது, வளிமண்டலமே தடுத்துவிடுகிறது. மடிக்கணினி ஒன்று போதும்.

இனி இத்தகைய செய்தி வரும்போது பிழை வரம்பு, மாதிரியின் பெயர், பொருத்திய சக்தி வீச்சு மூன்றையும் ஒரே வரியிலாவது சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வானியல் கற்பிக்கும் வாசகர்கள்,
ஹற்றன்.