சிமெண்ட் பேக்கிங்கில் வேலை பார்க்கும் மகனுக்கு

மோல்மேன், பர்மா

அன்பு மகன் குமரனுக்கு அப்பா எழுதுவது.

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் படிக்கக் கூடாத சங்கதி ஒன்றும் இதில் இருக்கிறது.

பாஅன் பக்கத்து சிமெண்ட் ஆலையில், மூட்டை நிரப்பும் பேக்கிங்கில் உன்னை சூப்பர்வைசராகப் போட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் உனக்குப் பின்னால் ஒரு பையன் விளக்குமாறு வைத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, வாயில் வெற்றிலை. அந்த வயதில் நான் அப்படியேதான் இருந்தேன். வெற்றிலை போடுகிறவன் எத்தனை நேரம் மாஸ்க்கை மூக்கில் வைத்திருப்பான்? எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்துவிட்டோம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மாஸ்க் கடைசிதான். முதலில் தூசி கிளம்பும் இடத்தைப் பார். மூட்டையைச் சிமெண்ட் நிரப்பும் குழாயில் மாட்டும்போது, கழற்றும்போது, பெல்ட்டில் அது தொப்பென்று விழும்போது. அங்கெல்லாம் தூசியை உறிஞ்சும் குழாய் இருக்க வேண்டும். இருந்தும் புகைகிறதென்றால் ஃபில்டர் பை அடைத்திருக்கும், இல்லை கிழிந்திருக்கும். நைட் ஷிப்டில் விளக்கை அணைத்துவிட்டு, எதிரே ஒருவனை டார்ச் பிடிக்கச் சொல். பகலில் தெரியாததெல்லாம் அந்த ஒளியில் மிதக்கும். நுரையீரலின் அடிவரை போவது அந்தப் பொடிதான். அமெரிக்கச் சட்டம் ஒரு கன மீட்டர் காற்றில் அது 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அங்குள்ள தொழில் சுகாதார நிபுணர்களோ 1 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். நம் நாட்டிலும் 2019இல் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஆபீசில் அதைப் பற்றிக் கேட்டுப் பார்.

விளக்குமாற்றைத் தூக்கிப் போடு. கல் உடைக்கும் கிரஷரில் தண்ணீர் தெளிப்பார்கள், உன் இடத்தில் தெளித்தால் சிமெண்ட் கல்லாகிவிடும். அதனால் தூசியை உறிஞ்சும் வாக்குவம் மெஷின் கேள். விலை என்று இழுத்தடிப்பார்கள். விடாதே.

கம்ப்ரஸர் காற்றால் சட்டையைத் தட்டவும் யாரையும் விடாதே. ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் அடித்துச் சிரித்துக்கொள்வோம். உடுப்பு சுத்தமாகிவிட்டதாக நினைப்பு. உதறிய தூசியைத்தான் திரும்ப மூச்சில் இழுத்தோம். மிச்சம் கைலி மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

அந்தக் கைலியைத் துவைத்த அம்மாவின் விரலிடுக்கு வெடித்து ரத்தம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சோப்பு சரியில்லை என்று மூன்று சோப்பு மாற்றினோம். சிமெண்ட் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்பைப் போலத் தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இன்னும் சோப்பைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு வரும்போது வேலைக் கைலியை மூட்டை கட்டிக்கொண்டு வராதே. அங்கேயே குளித்து, துவைத்துப் போட்டுவிட்டு வா.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அப்பா